ஷூசாகுவுக்கு எத்தனை புள்ளி?

ஜூன் 2

பல நாளாக மனதில் கிடந்த வேலையை இன்று தொடங்கிவிட்டேன். கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறிமாறி வைத்து ஆடும் கோ என்ற பலகை ஆட்டத்தின் பெரிய வீரர்களை, வெற்றி தோல்வியை வைத்துப் புள்ளி போடும் எலோ முறையில் வரிசைப்படுத்த வேண்டும். கணக்கு எளிதுதான். இருவருக்கும் இடையே 200 புள்ளி இருந்தால், மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 ஆட்டம் ஜெயிப்பார். 400 என்றால் பத்து ஜெயித்து ஒன்று தோற்பார். முதலில் 19ஆம் நூற்றாண்டு ஜப்பானிய வீரர் ஹோனின்போ ஷூசாகுவை எடுத்தேன். ஜப்பானை ஆண்ட ஷோகுனின் கோட்டையில் ஆண்டுதோறும் நடந்த ஆட்டங்களில், 1849 முதல் 1861 வரை 19 ஆடி 19ஐயும் ஜெயித்தவர். இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்குமா என்று உட்கார்ந்தேன்.

எக்செல் பிழை காட்டியது. பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 3

அக்கா மகள் புள்ளியியல் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். "தோல்வியே இல்லாட்டி புள்ளி முடிவில்லாம ஏறிக்கிட்டே போகும் மாமா. கற்பனையா ஒரு வெற்றி, ஒரு தோல்வி சேர்த்துப் பாருங்க" என்றாள். சேர்த்தேன். 20க்கு 1, அதாவது எதிராளிகளைவிட 520 புள்ளி மேலே. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்று மாற்றினேன். 408 வந்தது. இடையிலுள்ள 112 புள்ளி முழுக்க என் விரல் போட்டது. ஷூசாகு 1862இல், 33 வயதில், காலராவில் இறந்தவர். இனி ஒரு ஆட்டம் ஆடி அதைச் சரிசெய்யப் போவதில்லை.

கொமி விஷயம் வேறு இருக்கிறது. முதலில் காய் வைக்கும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தை ஈடுகட்ட, இன்று வெள்ளைக்கு ஜப்பானிலும் கொரியாவிலும் ஆறரை, சீனாவில் ஏழரை என்று கூட்டிக் கொடுக்கிறார்கள். ஷூசாகு காலத்தில் அது கிடையாது. யார் கறுப்பு என்று பார்க்காமல் 19ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டியது என் தப்பு.

ஜூன் 6

கோ செய்கென், கிதானி மினோரு என்ற இருபதாம் நூற்றாண்டு வீரர்கள் இருவரும் ஆடிய ஜுபாங்கோ, அதாவது பத்தாட்டத் தொடர். (இங்கே கோ என்பது அவர் பெயர்.) 1939இல் காமகுராவில், கென்சோஜி கோயிலில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் கிதானிக்கு மூக்கில் ரத்தம் கொட்டியதையும் கவனிக்காமல் கோ செய்கென் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள். முடிவு 6-4. கணக்கில் போட்டால் வெறும் 70 புள்ளி வித்தியாசம். மனசு ஒப்பவில்லை.

ஆட்டம் ஆட்டமாகப் பிரித்தேன். ஆறு ஆட்டம் முடிந்தபோது 5-1. நான்கு ஆட்ட முன்னிலை வந்துவிட்டால் தோற்றவர் ஒரு படி இறங்க வேண்டும், மூன்றில் இரண்டு ஆட்டம் கறுப்பில் ஆட வேண்டும். ஜுபாங்கோவின் கடுமை அதுதான். கிதானி இறங்கினார். அந்த 5-1ஐ மட்டும் போட்டால் 280 புள்ளி!

நான் எண்ணாகத் தேடிக்கொண்டிருந்ததை அவர்கள் பலகையிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். யாருக்கு யார் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அன்றைய தரவரிசை. அது ஊரறிய அறிவிக்கப்படும், தோற்றவர் அதோடு வாழ வேண்டும். ஹாஷிமோடோ, இவாமோடோ, புஜிசாவா, சகாடா, தகாகாவா என்று 1956க்குள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எனக்கு முதலிடம் கோ செய்கெனுக்குத்தான். இதை எழுதக் கை கூசவில்லை.

ஜூன் 9

சரி, ஷூசாகுவையும் கோ செய்கெனையும் எப்படி ஒரே அளவுகோலில் வைப்பது? இடையில் ஆடியவர்கள்தான் பாலம். ஷூசாகுவோடு ஷூஹோ, அவரோடு ஷூஎய், அவரோடு ஷூசாய், அவரோடு கோ செய்கென். 2008இல் கணினி ஆய்வாளர் ரெமி கூலோம் கொடுத்த முறை மொத்த வரலாற்றையும் ஒரே நேரத்தில் தீர்க்கிறது. பின்னால் நடந்த ஒரு ஆட்டம் முன்னால் இருந்தவரின் எண்ணையும் இழுக்கும். அருமையான யோசனை. ஆனால் இழுக்கும் கயிறு நல்ல கயிறாக இருக்க வேண்டுமே.

1933 அக்டோபரில், மெய்ஜின் என்ற உச்சப் பட்டம் வைத்திருந்த ஷூசாயும், கறுப்பில் ஆடிய கோ செய்கெனும் உட்கார்ந்த ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். தன் முறை வரும்போது நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் யோசித்து வரும் உரிமை ஷூசாய்க்கு மட்டும் இருந்தது. பலமுறை நிறுத்தினார். அடுத்த ஜனவரியில்தான் முடிந்தது, கறுப்புக்கு இரண்டு புள்ளித் தோல்வி. என் தாளில் அது ஒரு பூஜ்யம், அவ்வளவுதான்.

ஜூன் 10

இன்று கணினியைத் திறக்கவில்லை. பலகையை எடுத்து அந்த ஆட்டத்தை அடுக்கினேன். கறுப்பின் முதல் காய் ஒரு மூலையில், மூன்றுக்கு மூன்றில், அதாவது இரு ஓரத்திலிருந்தும் மூன்றாவது கோடுகள் வெட்டும் இடத்தில். அடுத்தது எதிர் மூலையில், நட்சத்திரப் புள்ளி என்று குறியிட்ட இடத்தில். மூன்றாவது, பலகையின் 361 புள்ளிகளுக்கும் நட்டநடுவே. மெய்ஜினுக்கு எதிரே உட்கார்ந்து அப்படி வைத்தவருக்கு வயது 19.