பத்துப் பேரில் சேராதவன்

"ஷிவா உட்காரப் போகிறோம் அம்மா" என்று தொலைபேசியில் சொன்னதும், பாளையங்கோட்டையில் இருக்கும் என் அம்மா, "சிவ பூஜையா? இந்த நேரத்திலா?" என்று கேட்டார். முந்தின இரவுதான் என் மாமனார் காலமாகியிருந்தார். சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எபிரேய மொழியில் ஷிவா என்றால் ஏழு. அடக்கம் நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வீட்டிலேயே இருந்து துக்கம் காக்கும் யூதச் சடங்குக்கு அதுதான் பெயர். விளக்கிச் சொன்னேன். அம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: "அப்படியென்றால் அடுப்பு மூட்ட மாட்டீர்கள். ஏழு நாள் சாப்பாடு யார் பொறுப்பு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், ராரிடன் ஆற்றை ஒட்டிய ஹைலண்ட் பார்க் என்ற சிறிய ஊர். பக்கத்து எடிசனில் இட்லி மாவு எந்தக் கடையில் புளிப்பில்லாமல் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஊரின் ஜெப ஆலயத்துக்குள் மட்டும் பதினைந்து வருடம் நான் காலெடுத்து வைத்ததில்லை. மனைவி யூதப் பெண், வீட்டுக்கு ஒரே மகள். எங்கள் திருமணத்தை நடத்திவைக்க அந்த ஆலயத்து மதகுருவான ரப்பி மறுத்துவிட்டார். அவர்கள் யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவைச் சேர்ந்தவர்கள். யூதர் அல்லாதவரை மணக்கும் திருமணத்தை அந்தப் பிரிவின் ரப்பிகள் நடத்தக் கூடாது என்பது விதி. மிகவும் மரியாதையாகத்தான் மறுத்தார். மரியாதையாக மறுப்பவரிடம் சண்டையும் போட முடியாது. அந்தக் கோபத்தை அப்படியே வைத்திருந்தேன். மனைவியையும் மாமனாரையும் வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மாமனார் இறந்த நவம்பர் மாத இரவு, பதினொரு மணிக்கு அதே ரப்பி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, வேலைகளை எழுத ஆரம்பித்தார். உடலுடன் யார் யார் எத்தனை மணி வரை விழித்திருந்து பைபிளின் சங்கீதப் பாடல்களை வாசிப்பது, குளிப்பாட்டுவது எப்போது, புதைகுழிக்கு யாரிடம் சொல்வது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஏற்கெனவே ஒரு பெயர் அவர் மனதில் இருந்தது. கல்யாண மண்டபத்து மேலாளரைப் போல இருக்கிறாரே என்று அன்றிரவு எரிச்சல்பட்டேன்.

உடலைக் குளிப்பாட்டுவதற்கென்றே ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு குழு உண்டு. ஹெவ்ரா கதீஷா, புனிதக் கூட்டம் என்று பொருள். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். தொடங்கும்போது இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, தெரியாமல் மரியாதைக் குறைவாக எதுவும் செய்துவிட்டால் மன்னித்துவிடு என்று கேட்டுக்கொள்வார்கள். பிறகு தையல் எளிமையான வெள்ளைத் துணி உடுத்துவார்கள். அதில் சட்டைப்பை கிடையாது. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே துணிதான். ஏறத்தாழ ஆயிரத்து தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இறுதிச் சடங்கின் செலவுக்குப் பயந்து உறவினர்கள் உடலை விட்டுவிட்டே ஓடிய காலத்தில், ரப்பான் கமாலியேல் என்ற பெரிய மனிதர் தன்னைச் சாதாரண நார்த்துணியில் புதைக்கச் சொன்னாராம். அதிலிருந்து வந்த வழக்கம் என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. இறந்தவரால் திருப்பிச் செய்ய முடியாது என்பதால் இந்தப் பணியை 'உண்மையான கருணை' என்கிறார்கள். மாமனாரைக் குளிப்பாட்டியவர்களில் எங்கள் மகளின் பல் மருத்துவரும் ஒருவர் என்பது பல மாதம் கழித்து, வேறு யாரோ வாய்தவறிச் சொன்னபோதுதான் தெரிந்தது. அவர்களாகச் சொல்லிக்கொள்வதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, உட்பிரிட்ஜ் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய யூத இடுகாட்டில் அடக்கம். ஆணி இல்லாத மரப்பெட்டி. மனைவியின் சட்டையை இதயத்தின் பக்கமாக, இடது புறத்தில் ரப்பி சிறிது கத்தரித்துவிட, மீதியை அவளே கிழித்தாள். மாமனாரின் சதுரங்க நண்பர் ஒருவர் மட்டும் வேலிக்கு வெளியே சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் கோஹேன், அதாவது பழைய ஆசாரியர் வம்சம். பிணத்தின் அருகே வரக் கூடாது. குளிரில் தொப்பியைக் கழற்றாமல், முழு நேரமும் அங்கேயே நின்றார். உள்ளே வர முடியாத இன்னொருவர் இருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

குழியை மூடுவது கூலியாள் வேலை இல்லை. வந்தவர்கள் எல்லாரும் மண் தள்ளவேண்டும். முதல் முறை மண்வாரியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தள்ளுவார்கள். இந்த வேலையை அவசரமாக முடிக்க மனமில்லை என்பதற்கு அடையாளம். அடுத்தவர் கையில் கொடுக்காமல் மண்ணில் குத்தி வைத்துவிட்டு நகர்வார்கள். துக்கத்தைக் கைமாற்றக் கூடாதாம். என் முறை வருமா என்று தெரியாமல் ஒதுங்கி நின்றேன். ரப்பி மண்வாரியை என் காலடியில் குத்தி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கண்ணாடிகளை எல்லாம் மூடச் சொல்லியிருந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் தன் முகத்தைப் பார்த்து அழகுபடுத்திக்கொள்ள வேண்டாம் என்று. அவ்வளவு துணிக்கு எங்கே போவது? என் வேட்டிகள் நான்கையும் எடுத்து மாட்டினேன். ஏழு நாளும் அமெரிக்கக் குளியலறைகளில் கரைவேட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக் கேள்விக்கு இதற்குள் பதில் வந்துவிட்டது. இடுகாட்டிலிருந்து திரும்பியதும் சாப்பிடும் முதல் உணவு துக்க வீட்டாருடையதாக இருக்கக் கூடாது, அயலார்தான் கொண்டுவர வேண்டும். அவித்த முட்டையும் மசூர்ப் பருப்பு சூப்பும் வந்தன. மசூர்ப் பருப்பில் பிளவு இல்லை, அதற்கு வாய் இல்லை. துக்கப்படுகிறவருக்கும் சொல்ல வாய் இல்லை என்பது பழைய விளக்கம். பிறகு ஏழு நாளைக்கும் யார் எந்த வேளைக்கு என்ன கொண்டுவருவார்கள் என்று ஒரு பட்டியல் இணையத்தில் போட்டிருந்தார்கள். மகளுக்கு வேர்க்கடலை ஆகாது என்பதுவரை அதில் இருந்தது. நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

நானும் சும்மா இருக்க முடியாமல் வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று புளியோதரை கிளறினேன். உணவுப் பொறுப்பிலிருந்த பெண்மணி அடுப்பை அணைத்தார். "துக்க வீட்டார் விருந்தோம்பக் கூடாது. உங்கள் பாத்திரம் கோஷர் இல்லை என்பதால் பாதிப் பேர் சாப்பிடவும் மாட்டார்கள். ஆனால் வாசனை நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் ஒரு டப்பாவில் கொடுங்கள்" என்றார். அவரும் கோஷர் என்ற அந்த யூத உணவு விதியைப் பார்ப்பவர்தான். அந்த டப்பா என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை.

என் நிலைமை விசித்திரமாக இருந்தது. துக்கம் காக்கக் கடமைப்பட்டவர்கள் ஏழு உறவினர்தாம்: தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி, கணவன் அல்லது மனைவி. மருமகன் பட்டியலில் இல்லை. மாலைத் தொழுகைக்கு வயது வந்த யூதர் பத்துப் பேர் வேண்டும். அதிலும் நான் இல்லை. என் வீடு என்பதால் விருந்தாளியும் இல்லை. கடைசி ஆறு வருடம் எங்களோடு இருந்த மனிதருக்குக் காலையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். எந்தக் கணக்கிலும் வராமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் நாற்காலிகள் வந்தன. துக்கம் காப்பவர் தாழ்ந்த இருக்கையில் உட்காரவேண்டும், வருகிறவர்களுக்கு மடக்கு நாற்காலி, தொழுகைக்குப் புத்தகங்கள். இவையெல்லாம் ஆலயத்துக்குப் பொதுவான சொத்து, வீடு விட்டு வீடு போகும். கொண்டுவந்த பெரியவருக்கு எண்பது வயதிருக்கும், ஒரு முழங்கால் மடங்கவில்லை. நான் வேனிலிருந்து இறக்கத் தொடங்கினேன். அவர் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "குட்டை முக்காலியைச் சுவரோரம் போடு, அவள் சாய்ந்துகொள்ள வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

கதவைப் பூட்டக் கூடாது, அழைப்பு மணி அடிக்கக் கூடாது. உள்ளே வருகிறவர் துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை பேசவும் கூடாது. பைபிளில் துயரத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த மரபு. நம்மூரில் துஷ்டி கேட்கப் போனால் எப்படிச் செத்தார் என்பதுதான் முதல் கேள்வி. இங்கே ஒருவர் இருபது நிமிடம் என் மனைவியின் அருகில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அன்று அவளுக்குப் பேச வரவில்லை. அந்த மனிதரை அவள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை மட்டும் வீட்டுத் துக்கம் நிற்கும். சப்பாத்து என்ற அந்த ஓய்வு நாள் தொடங்கும்போது துக்கம் காப்பவர் ஆலயத்துக்குப் போய், வரவேற்புப் பாடல் முடியும்வரை கதவுக்கு வெளியே காத்திருக்கவேண்டும். வெளியே நிற்பது எனக்குப் பழக்கம். அன்று அவளும் என்னோடு நின்றாள். பாடலின் கடைசிக் கண்ணிக்கு உள்ளே எல்லாரும் வாசலை நோக்கித் திரும்பினார்கள். பாட்டு முடிந்து நாங்கள் நுழைந்ததும், சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கிப்பவர்கள் நடுவில் இறைவன் உங்களைத் தேற்றுவாராக என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தில் இறைவனுக்கு இருக்கும் பெயர் ஹமாகோம். 'இடம்' என்று பொருள்.

திங்கட்கிழமை காலை ஏழாம் நாள் முடிந்தது. தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தோம்.

அடுத்தது பதினொரு மாதம். பெற்றோருக்காக நாள்தோறும் கதீஷ் சொல்லவேண்டும். ஏன் பன்னிரண்டு இல்லை? தீயவர்களுக்குத்தான் மறுமையில் பன்னிரண்டு மாதத் தண்டனை, நம் அப்பாவை அந்தக் கூட்டத்தில் சேர்க்கலாமா என்று ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டார்கள். கதீஷ் அரமேய மொழியில் இருக்கிறது. அதில் மரணம் என்ற சொல்லே கிடையாது, முழுக்க இறைவன் புகழ்தான். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது. "அவருடைய மகத்தான பெயர் துதிக்கப்படுவதாக" என்று பதில் சொல்லப் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும்.

மாமனாரின் தூரத்து உறவினர் ஒருவர், ஆசாரமானவர், பெண்பிள்ளை சிரமப்பட வேண்டாம், அவளுக்குப் பதிலாகத் தானே சொல்வதாகப் பரிவோடு கேட்டார். என் மனைவி அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னாள். ஹதாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பை 1912இல் தொடங்கிய ஹென்றியெட்டா சோல்டின் தாய் 1916இல் இறந்தார். வீட்டில் பெண்கள்தாம், ஆண் பிள்ளை கிடையாது. குடும்ப நண்பர் இதே உதவியைச் செய்ய முன்வந்தபோது சோல்ட் நன்றி கூறி மறுத்துக் கடிதம் எழுதினார். உறவினர் கதையைக் கேட்டுவிட்டு, "அவளும் பிடிவாதக்காரிதான்" என்றார்.

அப்படியாக ஒவ்வொரு மாலையும் ஏழரை மணிக்குப் போனோம். நான் காரில் உட்காருவதை விட்டுவிட்டேன். குளிர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். கடைசி வரிசையில் இருப்பேன். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பனி கொட்டியது. யூதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாது. அதனால் தொழுகையை ஒழுங்குபடுத்துகிறவர் 28ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லி எண்ணுவார். எபிரேயத்தில் அதற்குச் சரியாகப் பத்துச் சொற்கள், ஆளுக்கொரு சொல். அன்று என் மனைவியோடு ஒன்பதாவது சொல் முடிந்துவிட்டது. அந்த ஒன்பதாவது சொல் 'அத்'. 'வரைக்கும்' என்று அர்த்தம். பத்தாவது சொல்லான 'ஹா-ஓலாம்', அதாவது 'நித்தியம்', வரவில்லை. அவர் கண் என்மீது வந்து, நின்று, கடந்து போனது. அவருக்கும் சங்கடம்தான். நான் எழுந்துவிட்டேன்.

வீட்டில் மகள் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். டிசம்பரில் அவளுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர். பெண்களையும் பத்தில் சேர்க்கலாம் என்று கன்சர்வேடிவ் பிரிவு 1973இல் முடிவெடுத்திருக்கிறது. இரவு உடைக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். பனியில் வண்டி ஊர்ந்தது. உள்ளே நுழைந்தபோது அந்த ஒன்பது பேரும் அப்படியே காத்திருந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்து, "ஹா-ஓலாம்" என்று வசனத்தை முடித்தார். மகள் யாரையோ திட்டுகிறார் என்று நினைத்து என் பின்னால் ஒளிந்தாள்.

கதீஷ் அக்டோபரில் முடிந்தது. பிறகு கல்லறைக் கல்லை மூடியிருந்த துணியை எடுக்கும் சடங்கு. ஆளுக்கொரு கூழாங்கல் வைத்துவிட்டு வந்தோம். திதி போல எபிரேய நாள்காட்டிப்படி ஆண்டு நினைவு நாள் வரும், அன்று இருபத்துநான்கு மணி நேரம் எரியும் விளக்கு ஏற்றவேண்டும். அம்மா தன் நாள்காட்டியிலும் குறித்துக்கொண்டார்.

இதற்கிடையே கோடையில் நாற்காலிப் பெரியவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. யாரும் என்னைக் கேட்டதாக நினைவில்லை. ஒரு நாள் ஆறு குட்டை முக்காலியும் இருபது மடக்கு நாற்காலியும் இரண்டு பெட்டிப் புத்தகமும் எங்கள் கராஜில் இருந்தன. ரப்பியிடமிருந்து அவ்வப்போது ஒரு முகவரி வரும். நான் கொண்டுபோய்ப் போடுகிறேன், எட்டாம் நாள் எடுத்து வருகிறேன். எங்கள் கல்யாணத்தைப் பற்றி நானும் அவரும் இதுவரை பேசியதில்லை.

போன வாரம் நான்கு தெரு தள்ளி ஒரு வீடு. கணவர் இறந்திருந்தார். பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய், பேசாமல் நாற்காலிகளை விரித்தேன். ஜன்னலோரம் ஒன்றைப் போடப் போனேன். அந்த அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார்.

"அங்கே வேண்டாம். அவர் செய்தித்தாள் படிக்கும் இடம்."

அந்த நாற்காலியை மடக்கித் திரும்ப வேனில் வைத்துக்கொண்டேன்.