"அதே மருந்துதான்" என்றால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மகளுக்கு நாலு வயதில் ஃபிட்ஸ் வந்தது. ஈஈஜி, ஸ்கேன் எல்லாம் முடிந்து வால்ப்ரோயேட் சிரப், காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. பசி கூடியது, எடை ஏறியது, அதற்கேற்ப அளவையும் ஏற்றினார்கள். மற்றபடி தொந்தரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை பார்க்கிறேன், பாட்டிலில் அன்றைய இரவுக்கு மட்டும்தான் இருக்கிறது. வழக்கமான கடையில் சிரப் இல்லை. அடுத்த இரண்டு கடைகளிலும் இல்லை. நாலாவது கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அதே மருந்துதான்மா, மாத்திரையா இருக்கு. பாதியா உடைச்சு, பொடி பண்ணித் தண்ணியில கலந்து குடுங்க" என்றார். கிடைத்ததே போதும் என்று வாங்கிவந்தேன்.

மறுநாள் காலை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் லேசில் நொறுங்கவில்லை. தண்ணீரில் போட்டால் மேல்பூச்சு செதில் செதிலாக மிதக்கிறது. அட்டையைத் திருப்பினேன். பெயருக்குப் பின்னால் 'சிஆர்'. வார்டு நர்ஸுக்குப் போன் போட்டேன். "முதல்ல அதைக் கீழ ஊத்துங்க" என்றார். சிஆர் என்றால் மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையாம்; பொடித்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும். சிரப்பை அவரே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் எடுத்துவைக்கச் சொன்னார். போய் வாங்கி வருவதற்குள் காலை டோஸ் ஐந்து மணி நேரம் தள்ளிப்போயிற்று.

அன்று இரவே ஃபிட்ஸ் வந்துவிட்டது. தாமதம்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. என் மனசு சொல்லிவிட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, போனில் நேரத்தை ஓடவிட்டேன். மாமியார் பல்லுக்கு நடுவில் வைக்க ஸ்பூனோடு ஓடிவந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். வாயில் எதையும் வைக்கக்கூடாது, நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கச் சொல்லியிருந்த மிடாசோலம் ஸ்ப்ரே கையில் தயாராக இருந்தது. இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் நின்றது. மாமியாருக்கு அந்தக் கோபம் தணிய இரண்டு நாள் ஆனது, அது வேறு கதை.

இப்போதெல்லாம் பத்து நாள் மருந்து மீதி இருக்கும்போதே அடுத்த பாட்டில் வாங்கிவிடுகிறேன். சீட்டில் மில்லிலிட்டர் மட்டும் எழுதினால் விடாதீர்கள், மில்லிகிராமும் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லா சிரப்பும் ஒரே அடர்த்தி இல்லை. ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது, குடித்த பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கலாமா, இரண்டையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள். எங்களுக்கு "வேளை தவறாம குடுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். சளி, காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள், சில ஆன்டிபயாடிக் இதோடு ஒத்துவராது. ஃபிட்ஸ் வந்து பல மாதம் ஆயிற்றே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிரிஞ்சில் மருந்தை இப்போது அவளே இழுக்கிறாள். "குமிழி இருக்கும்மா" என்று விரலால் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள்.