டிஸ்க்கில் இடம் இருக்கிறது, பாக்கெட் மட்டும் இல்லை

போன மாதம் ஆடிட்டுக்கு வந்த மேடம் ஒரு படிவம் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி, "நெட்வொர்க் பாக்கெட் கேப்சர் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்?" நெட்வொர்க்கில் போய்வரும் தரவுத் துண்டுகளை அப்படியே பதிந்துவைப்பதுதான் அது. நான் யோசிக்கவே இல்லை, மனக்கணக்காகவே போட்டு 50 என்று எழுதிவிட்டேன். கணக்கு இதுதான்: எங்கள் அலுவலக டிராஃபிக் இரவும் பகலும் சேர்த்துச் சராசரியாக 40 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 40 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் நொடிக்கு 5 எம்பி, ஒரு நாளுக்கு 432 ஜிபி. டிஸ்க் 24 டிபி, அதில் 10 சதவீதத்தை மென்பொருள் காலியாக விட்டுவிடும், மீதியை வகுத்தால் 50 நாள். அழகான கணக்கு. பாக்கெட்டைப் பதியும் கணினியான சென்சாரில் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 11 செவ்வாய்க்கிழமை காலை, மேனேஜர் கூப்பிட்டார். மே 18 சனிக்கிழமை ராத்திரி ஒரு செர்வரிலிருந்து 3 ஜிபிக்கு மேல் வெளியே போயிருக்கிறது, ஜீக் லாகில் (எந்த இணைப்பு எங்கே போனது என்ற சுருக்கக் குறிப்பில்) அந்த ஒரு வரி இருக்கிறது, உள்ளே என்ன போனது என்று பாக்கெட்டை எடுத்துப் பார் என்றார். "24 நாள்தானே சார் ஆகுது, இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து தேடினேன். பதிலாக வந்த ஃபைலின் அளவு 24 பைட். பாக்கெட்டைச் சேமிக்கும் பிகேப் ஃபைலின் தலைப்பகுதி மட்டுமே 24 பைட் இருக்கும், அதற்கு அப்புறம் ஒரு பாக்கெட்கூட இல்லை என்று அர்த்தம். முதலில் நேரத்தில்தான் தப்பு என்று நினைத்தேன், ஏனென்றால் எங்கள் செக்யூரிட்டி ஆனியன் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள் தொகுப்பு) யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க மறந்து நான் பலமுறை அடிவாங்கியிருக்கிறேன். கழித்துத் தேடினேன். மறுபடியும் 24 பைட்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன்: பாக்கெட் ஃபோல்டரைத் திறந்து இருப்பதிலேயே பழைய ஃபைலைப் பார்த்தேன். எங்கள் செக்யூரிட்டி ஆனியன் பதிப்பில் பாக்கெட்டை டிஸ்க்கில் எழுதுவது ஸ்டெனோகிராஃபர் என்ற நிரல். அது ஃபைலுக்கு வைக்கும் பெயரே ஒரு நேரம்தான், 1970 ஜனவரி 1 முதல் எத்தனை மைக்ரோநொடி ஆயிற்று என்ற 16 இலக்க எண். பழைய ஃபைலின் பெயர் 1716284412482913. கடைசி ஆறு இலக்கத்தை வெட்டிவிட்டு மீதியைத் தேதியாக மாற்றினால், மே 21, நம் நேரம் பிற்பகல் 3:10. அதாவது என்னிடம் இருந்தது 20 நாளும் 20 மணி நேரமும்தான். 50 எங்கே, 20 எங்கே!

டிஸ்க் நிரம்பித்தான் பழையதை அழித்திருக்கும் என்று பார்த்தால், 38 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிற குதிரிலிருந்து நெல்லை அள்ளி வெளியே கொட்டுவானேன்? அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் ஃபோல்டரில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். 30000. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு நிமிடம் கழித்து எண்ணினேன், அதே 30000.

ஸ்டெனோகிராஃபர் நிமிடத்துக்கு ஒரு ஃபைல் போடுகிறது, ஒரு நாளுக்கு 1440. 30000-ஐ 1440-ஆல் வகுத்துப் பாருங்கள், 20 நாள் 20 மணி நேரம். ஒரு ஃபோல்டரில் 30000 ஃபைலுக்கு மேல் போகாதே என்பது அதன் இயல்பு அமைப்பு, பழைய எக்ஸ்ட்3 ஃபைல் சிஸ்டத்தின் எல்லையை நினைத்து வைத்தது. எக்ஸ்ட்4-க்கும் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கும் அந்தக் கவலை தேவையில்லை, எங்களுடையது எக்ஸ்எஃப்எஸ்தான். இதெல்லாம் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, மூன்று வாரத்துக்குத்தான் பாக்கெட் இருக்கிறது ஆனால் டிஸ்க் காலியாக இருக்கிறது என்றால் இந்த எண்ணைக் கூட்டு என்றே சொல்லியிருக்கிறார்கள். நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். பகலில் ஒரு நிமிட ஃபைல் 700 எம்பி இருக்கும், ஆளே இல்லாத ராத்திரியில் 15 எம்பிகூடத் தேறாது, ஆனால் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். சும்மா கிடந்த ராத்திரிகள்தான் என் நாட்களைச் சாப்பிட்டிருக்கின்றன.

(புதிய பதிப்புகளில் சுரிகாட்டா என்ற இன்னொரு நிரலையே பாக்கெட் எழுதச் சொல்லலாம். அதன் கணக்கு வேறு, இந்த 30000 கதை அங்கே பொருந்தாது.)

மே 18 விஷயம் நல்லவேளையாகப் பெரிதாகவில்லை. ஜீக் லாகில் டிஎல்எஸ் (குறியாக்க இணைப்பு) சர்வர் பெயர் இருந்தது, அதை வைத்து அது நாங்களே போட்ட பேக்கப் வேலை என்று கண்டுபிடித்தோம். பாக்கெட் இருந்திருந்தாலும் உள்ளே குறியாக்கம்தான், பெரிதாக ஒன்றும் படித்திருக்க முடியாது. மேனேஜர் மட்டும், "செர்ட்-இன் 180 நாள் வைக்கச் சொல்லுதே, நீ 20 நாள்ங்கிறே" என்று குரலை உயர்த்தினார். அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு கேட்பது லாகை சார், முழுப் பாக்கெட்டை அல்ல என்று விளக்கினேன். 180 நாள் பாக்கெட் வேண்டும் என்றால் எங்கள் டிராஃபிக்குக்கே 78 டிபி ஆகும், அதற்கு அவரே கையெழுத்துப் போடமாட்டார்.

அன்றைக்கே எல்லையை 80000 ஆக்கினேன், 55 நாளுக்குப் போதும், அதற்கு முன்னால் டிஸ்க்தான் தடுக்கும். ஆடிட் மேடத்துக்கு மெயில் போட்டு, 50 என்று எழுதியது தப்பு, இன்றைய நிலை 20 என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது தினமும் காலையில் காபிக்குப் போகும் முன் அந்த ஃபோல்டரை ஒருமுறை பார்க்கிறேன். இன்று ஜூலை 3, 43 நாள் ஆகிறது, டிஸ்க் 77 சதவீதம். முதல் ஃபைல் இன்னும் எல்லையைக் கூட்டியபோது இருந்த அதே மே 21 ஃபைல்தான். அது என்றைக்குக் காணாமல் போகிறதோ அன்றைக்குத்தான் படிவத்தில் எழுதவேண்டிய எண் எனக்குத் தெரியும்.