மாடு மேய்ந்த காட்சி

இயக்குநர் நடிப்பதில்லை, பெரும்பாலும் கேமராவைத் தொடுவதுமில்லை. ஆனால் அவர் மனசுக்குள் மட்டும் ஓடுகிற ஒரு காட்சியை ஊர்ப்பட்ட பேரை வைத்து வெளியே கொண்டுவர வேண்டும். அது நினைத்தபடி வராது. எப்போதாவது நினைத்ததைவிட நன்றாக வந்துவிடும். அந்தப் போதைக்குத்தான் இத்தனை பேர் இந்தப் பக்கம் வந்து சிக்குகிறார்கள் என்பது என் கட்சி.

வங்காள இயக்குநர் சத்யஜித் ராயைப் பாருங்கள். 1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’க்கு முதல் படப்பிடிப்பு. சிறுவன் அப்புவும் அவன் அக்கா துர்காவும் நாணல் பூக்களுக்கு நடுவே ரயிலைப் பார்க்கிற காட்சி. பாதி எடுத்தாயிற்று. மீதிக்கு அடுத்த ஞாயிறு போனால் ஒரு பூவைக் காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டன! நானாக இருந்தால் கதையிலேயே மாட்டைச் சேர்த்திருப்பேன். மனுஷர் மறுபடி பூக்கும் வரை காத்திருந்தார்.

ராய்க்கு அது முதல் படம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது இருபத்தொன்றோ என்னவோ வயசு, அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. காசு தீர்ந்தால் வேலை நிற்கும். ராயின் மனைவியுடைய நகை அடகுக்குப் போனது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து, 1955இல் படம் வெளிவந்தது.

இவ்வளவு இழுத்தும் மூன்று விஷயம் நடக்கவில்லை என்று ராயே ஆச்சரியப்பட்டிருக்கிறார்: அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டியாக நடித்த எண்பது வயது சுனிபாலா தேவி சாகவில்லை.

சரி, பட்டது போதும் என்று உட்கார்ந்தாரா? அடுத்த வருஷமே அடுத்த படம் ‘அபராஜிதோ’ வந்துவிட்டது.