மொட்டை மாடி, ஒக்டோபர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

நான் செய்யிற, தானா ஓடுற சின்னப் படகுக்கு ஜிபிஎஸ் வந்திட்டுது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில மூண்டு கடை ஏறி இறங்கி, கடைசியில ஒரு சின்ன இடுக்குக் கடையில கிடைச்சுது, யூபுளொக்ஸ் எம்8என். 101 பஸ்ஸில நெரிபட்டு வெள்ளவத்தை வரைக்கும் சேர்ட் பொக்கெற்றைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தன்.

அப்பாவின்ர ரெஸ்ட் ரிப்போட் வரேல்ல.

ஒக்டோபர் 8, புதன்

ரெண்டு மணித்தியாலம் வீண். டிஎக்ஸை (அனுப்பிற வயர்) டிஎக்ஸோட, ஆர்எக்ஸை (வாங்கிற வயர்) ஆர்எக்ஸோட குடுத்திட்டு ஏன் ஒண்டும் வருகுதில்லை எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். ஒண்டு கதைச்சால் மற்றது கேக்கோணும், வயர் குறுக்க போகோணும், இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வயர் நிறத்தையும் நம்பேலாது, இதில கறுப்பு கிரவுண்ட் இல்லை. ராஸ்பெரி பை எண்ட என்ர சின்னக் கொம்பியூட்டரில 8ஆவது பின் அனுப்பிறது, 10ஆவது வாங்கிறது, 6 கிரவுண்ட். 5 வோல்ட் சிக்னல் அந்தப் பின்னுக்குள்ள போனால் பை எரிஞ்சுபோம், நல்லவேளை இந்த மொடியூல் 3.3லதான் கதைக்குது.

ஒக்டோபர் 9

அக்கா ரெண்டு தரம் எடுத்தவா. "ரிப்போட் வந்ததோ?" வந்தால் சொல்லமாட்டனோ.

ஒக்டோபர் 11, சனி

இண்டைக்கு முழுநாளும் சீரியல் போர்ட்டோட, அதுதான் ஜிபிஎஸ் பையோட கதைக்கிற வழியோட, சண்டை. முதல்ல பையில ஓடுற லினக்ஸின்ர கொன்சோலே அந்தப் போர்ட்டைப் பிடிச்சு வச்சிருந்தது, ஜிபிஎஸ் சொல்லுறதையெல்லாம் ஆரோ லொகின் பண்ண வாறாங்கள் எண்டு நினைச்சிருக்கும் போல. அதை நிப்பாட்டினால் அடுத்தது புளூடூத். பை 3ல நல்ல யுஆர்ட்டை, அதாவது சீரியல் போர்ட்டை நடத்திற பகுதியை, தூக்கி புளூடூத்துக்குக் குடுத்திட்டு எங்களுக்கு மினி யுஆர்ட் எண்டு ஒண்டை விட்டிருக்கினம், அதின்ர வேகம் கோர் கிளொக்கோட சேர்ந்து ஏறி இறங்கும், இடைக்கிடை எழுத்தெல்லாம் குப்பையா வரும். படகுக்கு என்னத்துக்கு புளூடூத். கொன்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி போட்டு புளூடூத்தை நிப்பாட்டி, ரீபூட் பண்ணி, 9600 வேகத்தில திறந்தால் வரி வரியா ஓடுது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன். "சாப்பாடு ஆறுது" எண்டா.

எல்லா வரியிலயும் கொமா, கொமா, கொமா. இடம் தெரியேல்ல எண்டு அர்த்தம். அறைக்குள்ள எங்கால வானம்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

விடிய 3 மணிக்கு அப்பா எழும்பி ஹோலுக்குள்ள நடக்கிறார். நானும் நித்திரையில்லை. ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல.

பின்னேரம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனன். பக்கத்தில கட்டுற பன்னிரண்டு மாடி, கிழக்குப் பக்க வானத்தைப் பாதி திண்டிட்டுது, மிச்சம் கிரேன். கடல் பக்கம் மட்டும் திறப்பு. சற்றலைட் தன்ர பாதையை 30 செக்கனுக்கு ஒருக்காத் திருப்பித் திருப்பிச் சொல்லும், அதுவும் செக்கனுக்கு 50 பிட் வேகத்தில, எவ்வளவு பொறுமை பாருங்கோ. எல்லாச் சற்றலைட்டின்ர அட்டவணையும் இறங்கி முடிய பன்னிரண்டரை நிமிசம். நான் பத்தாவது நிமிசத்தில வெறுத்து எழும்பேக்க நீல லைட் மினுக்கத் தொடங்கிச்சுது.

உடன எழுதி வச்ச ஸ்கிரிப்டை ஓட்டினன். மப்பில புள்ளி விழுந்த இடம், பேருவளைக்கு மேற்கால நடுக்கடல், கரையில இருந்து ஒரு 50 கிலோமீற்றர்.

ஒக்டோபர் 13, திங்கள்

கடல் விசயம் முடிஞ்சுது. நான் முடிக்கேல்ல, அப்பா.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு ஸ்கிரீனுக்குக் கிட்ட குனிஞ்சு பாத்தார். 0652.48, 07951.6. "இதென்னடா, இது 6 பாகை 52 கலை எல்லோ. நீ என்ன 6.52 எண்டு போட்டிருக்கிறாய்?" நான் நூறால பிரிச்சிருக்கிறன். கலையை அறுபதால பிரிக்கோணும். அவர் பென்சிலை எடுத்து கரண்ட் பில்லின்ர பின்பக்கத்தில பிரிச்சுக் காட்டினார், 52.48 கீழ 60, 0.8747. 6.8747. எங்கட வீடு.

முப்பது வருசத்துக்கு மேல நில அளவைத் திணைக்களத்தில இருந்த மனிசன். பேந்து நிப்பாட்டேல்லை, பிதுருதலாகலைதான் எங்கட வரைபடக் கட்டத்துக்கு மூலம், கண்டவளை டேட்டம் எண்ட அளவை அடிப்படை, பழைய மப்பையும் ஜிபிஎஸ்ஸையும் அப்படியே மேல வச்சால் பொருந்தாதடா, கோணம் அளக்கிற தியோடலைட்டைத் தோளில வச்சுக்கொண்டு பதுளைப் பக்கம் ஏறின கதை. சாப்பிட்டவர். ரெண்டாந்தரம் சோறு கேட்டவர்.

ஒக்டோபர் 14

ரிப்போட் "அடுத்த கிழமை"யாம். போன கிழமையும் அடுத்த கிழமைதான். கவுண்டரில இருந்த பிள்ளை நிமிர்ந்தும் பாக்கேல்ல.

ஒக்டோபர் 16, வியாழன்

படகைத் தானா ஓட்டுற மென்பொருள் ஆர்டுபைலட்டை ஓட்டினால் ஜிபிஎஸ் இல்லையாம். என்னட்ட இருக்கிற பழைய வேர்ஷன்ல தொடங்கேக்க மைனஸ் ஏ டெலிமெட்ரிக்கு (தூர இருந்து தகவல் பாக்கிறதுக்கு), மைனஸ் பி ஜிபிஎஸ்ஸுக்கு, அதெல்லாம் சரியாத்தான் குடுத்தனான். வயர் பாத்தன், சொல்டர் பாத்தன், மொடியூலைப் பழுதாக்கிட்டன் எண்டே முடிவெடுத்திட்டன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு பாத்தால் மற்ற விண்டோவில நேற்றுத் திறந்த போர்ட் இன்னும் திறந்தபடி. வாற எழுத்தில பாதியை அது குடிக்குது, மிச்சத்தை வச்சு ஓட்டோபைலட் என்னத்தை விளங்கும்.

மூடின உடன பிடிச்சிட்டுது. ஆனா இப்ப நான் திறந்து பாத்தால் முழுக்கக் குப்பை, இன்னொருக்கா நெஞ்சு திக்கெண்டுது. ஓட்டோபைலட் மொடியூலோட தனியக் கதைச்சு வேகத்தைக் கூட்டி பைனரிக்கு மாத்திப்போட்டுது. எனக்கு விளங்காத பாஷையில ரெண்டும் சந்தோசமா இருக்கினம்.

பின்னேரம் இடி, மழை, கரண்ட் போச்சு.

ஒக்டோபர் 18, சனி

கமராவைக் கழட்டினன். சற்றலைட் 6ல இருந்து 11. அந்த வெள்ளை ரிபன் கேபிள்தான் இவ்வளவு நாளும் பக்கத்தில நிண்டு இரைஞ்சிருக்கு.

அங்கிள் ஒருத்தர் மாடியில உடுப்பு எடுக்க வந்து, "தம்பி, ட்ரோனோ?" எண்டார். பறக்கிறதெண்டால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில பதியோணும், ரத்மலானை விமான நிலையம் வேற கிட்ட, அதுதான் படகு எண்டன். "கடலில விடுவீரோ?" சீ, குளத்தில.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலி வீதியெல்லாம் வெடி. அப்பா புதுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மேல வந்தார், சேர்ட் தொளதொளவெண்டு நிக்குது. ரெண்டு பேருமா ஸ்கிரீனில அந்தப் புள்ளியைப் பாத்துக்கொண்டிருந்தம். நாங்கள் அசையாமல் இருக்க அது ரெண்டு மூண்டு மீற்றர் அங்காலயும் இஞ்சாலயும் ஊருது. "இதுக்கு எங்கட அளவைச் சங்கிலி பறவாயில்லை" எண்டார்.

ஒக்டோபர் 21

நாளைக்கு 9 மணிக்கு வரட்டாம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. ஃபோனில ஒண்டும் சொல்லமாட்டினமாம்.

பற்றரியைச் சார்ஜில போட்டிருக்கிறன். ஆர்எக்ஸ் வயர் திரும்பவும் லூசாகுது, வந்து சொல்டர் பண்ணோணும்.