கை ஏறணும்

ஏப்ரல் 29

காடா துணி நாலு மீட்டர் வாங்கியாச்சு. வெயில் மண்டைய பொளக்குது, மதுரைல இந்த நேரத்துல குளிருக்குக் கோட்டு தைக்கிறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஊட்டி ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு ஆர்டர் இன்னும் வரல.

ஏப்ரல் 30

அந்த போட்டோவயே பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருக்கேன். பாரிஸ் டிசைனர் பலன்சியாகா தைச்ச கறுப்புக் கோட்டு, 1950கள் வாக்குல. அதோட கைதான் விஷயம். தோள்ல ஒண்ணுமே இல்ல, சாதுவா இறங்குது, அதுக்கப்புறம் உருண்டையா ஊதி முழங்கைக்குக் கீழ ஒரு பட்டில கப்புனு அடங்குது. மெலன் ஸ்லீவ்னு சொல்றாங்க. மணிக்கட்டு தெரியணும், வளையல் தெரியணும்னு அந்தாளு கைய குட்டையாவே விடுவாராம். பாரிஸ்ல கார்ல போற அம்மாக்களுக்கு அது சரி. ஊட்டில காலைல ஏழு மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கிறவளுக்கு மணிக்கட்டுதான் முதல்ல விறைக்கும்.

ஆனா அந்தக் கை வேணும். பிளெய்ன் கையா இருந்தா கடைலயே வாங்கிட்டுப் போயிருவேனே.

மே 1

லீவு. அப்பா கண்ணுக்கு சொட்டு மருந்து விட்டுட்டு அவர் பக்கத்துலயே உக்காந்து பேப்பர்ல வரைஞ்சேன். யாரு அந்த பலன்சியாகான்னு கேட்டார். ஸ்பெயின்ல கெட்டாரியான்னு ஒரு மீன்பிடி ஊர், 1895ல பொறந்தவர், அவங்க அம்மா தையக்காரங்க, 1937ல பாரிஸ்ல கடை போட்டு 1968ல மூடிட்டார்னு சொன்னேன். கை சரியா உக்காரலன்னா தைச்சு முடிச்ச கோட்டுலயும் பிரிச்சுருவாராம், திரும்ப வைப்பாராம், திரும்ப பிரிப்பாராம்.

"கூலி யாரு குடுப்பா"ன்னு கேட்டார் அப்பா.

மே 3

காடால ஒரு கை மட்டும் தைச்சு, பழைய கோட்டு உடம்புல ஓட்டுத் தையல் போட்டு மாட்டிக்கிட்டு சாயந்திரம் ஸ்கூட்டில ஒரு ரவுண்டு போனேன். வேற எப்படி டெஸ்ட் பண்றது, கண்ணாடி முன்னாடி நின்னா எல்லாக் கையும் நல்லாத்தான் இருக்கும். யானைக்கல் பாலம் ஏறினதும் காத்து உள்ள பூந்து ஒரு பக்கம் மட்டும் புஸ்ஸுனு ஊதிருச்சு, வண்டிய ஒரு பக்கமா இழுக்குற மாதிரி இருக்கு, பக்கத்துல ஆட்டோல வந்த பையன் போன எடுத்துட்டான். சிக்னல்ல பிரேக் பிடிக்கும்போது துணி கண்ணாடில மாட்டுது. பேக் மாட்டினா உருண்டை நசுங்கி அப்படியே நிக்குது, திரும்ப எழும்பவே இல்ல. வீட்டுக்கு வந்து சாம்பார் கரண்டி எடுக்கக் கை நீட்டினேன், பட்டிக்கு மேல தொங்குற துணி முதல்ல குளிச்சுட்டு வந்துச்சு.

அக்கா சிரிச்சு சிரிச்சு விக்கலே வந்துருச்சு.

மே 4

கத்திரி ஆரம்பம். அப்பாவுக்கு காலைல சுகர் 212. இப்படி இருந்தா கண் ஆபரேஷனுக்கு டேட் குடுக்க மாட்டாங்க.

மே 6

இன்னைக்கு ஃபுல்லா கைக்குழிதான், கை உடம்புத் துணியோட சேர்ற அந்த வட்டம். தோள் அகலத்துல பிரச்சனை இல்ல, ஊதலும் இல்ல, கைய தூக்கினா கோட்டே கூட தூக்கிட்டு வருது, இடுப்பு வரைக்கும். போர்டுல மேல் வரில எழுதணும், நாள் முழுக்க எழுதணும், ஒவ்வொரு தடவையும் கோட்டை கீழ இழுத்து விட்டுட்டு நிக்க முடியுமா, பின்னாடி நாப்பது பேர் உக்காந்து பாத்துட்டு இருப்பாங்க. சரி குழிய இன்னும் ஒரு இன்ச் இறக்கி வெட்டுவோம்னு சாக் எடுத்தேன். அப்பா, வெட்டாத பாப்பான்னார்.

அவருக்கு இப்ப எல்லாம் புகைமூட்டமாத்தான் தெரியுது, ஊசி கோக்க முடியாது, ஆனா விரல் வேலை செய்யுது. அக்குள்ல விரல் விட்டு சுத்திப் பாத்தார். குழி பெருசா இருந்தா கை நல்லா ஏறும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, குழி கீழ இறங்க இறங்க கையும் உடம்பும் ஒட்டிக்கிட்டே ஏறும், குழி அக்குளுக்குக் கிட்டக்க இருந்தாத்தான் கை மட்டும் தனியா ஏறும்னார். சரின்னு குழிய அரை இன்ச் மேல ஏத்தினேன். அடுத்து கை வளைவு, குழில போய் உக்கார்ற கையோட மேல் வளைவு. வளைவு உசரமா இருந்தா கை தொங்கும்போது சுருக்கமே இல்லாம அழகா விழுது, தூக்கினா பிடிக்குது. உசரத்தைக் குறைச்சு அகலத்தைக் கூட்டினா தூக்கலாம், ஆனா தொங்கும்போது அக்குள்ல மடிப்பு மடிப்பா நிக்குது. ரெண்டும் சேந்து கிடைக்காது. நான் மடிப்பை எடுத்துக்கிட்டேன். போர்டுதான் முக்கியம்.

ராத்திரி ஒரு விஷயம் தோணுச்சு, எழுதி வைக்கிறேன். ஊதல் மேல இருக்கணும்னு யாரு சொன்னா? முழங்கைக்கு மேல கை சாதாரணக் கோட்டுக்கை, முழங்கைக்குக் கீழ மட்டும் ஊதல், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். உடம்போட உரசுற உள்பக்கம் தட்டையா இருந்தா பேக் மாட்டலாம், பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க மடில போய் விழாது.

மே 8

மீனாட்சி திருக்கல்யாணம். அக்கா டிவி முன்னாடியே தாலிக்கயிறு மாத்துனா. ஆர்டர் வரல.

மே 10

விளக்குத்தூண் போய் கார்டுராய் எடுத்துட்டு வந்தேன், காப்பிக்கொட்டைக் கலர். கடைக்காரர் மேலயும் கீழயும் பாத்துட்டு பேன்ட்டுக்காமான்னார். கோட்டுக்குன்னேன். ஃபேன இன்னும் கொஞ்சம் வேகமா வச்சார் பாவம்.

கார்டுராய் வெட்டுறது சாதாரண வேலை இல்ல. மேல இருந்து கீழ தடவினா வழவழன்னு போகும், கீழ இருந்து மேல தடவினா எதுக்கும். எல்லா பீஸும் ஒரே திசைல வெட்டணும், ஒண்ணு தலைகீழா போனா அந்தக் கை மட்டும் வேற கலர்ல தெரியும். நான் எதுக்குற திசைல வெட்டினேன், கலர் அழுத்தமா தெரியுது. துணி கூட செலவாச்சு, போகட்டும்.

கை ரெண்டு பீஸ், வெளிப்பக்கம் வர்றது மேல்கை, உடம்போட உரசுறது கீழ்கை. கீழ்கைய தொடல. மேல்கை பேட்டர்ன மட்டும் பட்டில இருந்து முழங்கை வரைக்கும் நாலு இடத்துல கீறி ஒவ்வொண்ணையும் ஒரு இன்ச் விரிச்சேன், நீளத்துலயும் வெளிப்பக்கம் ஒன்றரை இன்ச் கூட வச்சேன், அதுதான் பட்டி மேல சரிஞ்சு உருண்டையா விழும். சுருக்கு வச்சா இந்தத் துணில தடிமனா கயிறு மாதிரி நிக்குது, அதனால சுருக்கு கிடையாது, சின்னச் சின்ன பிளீட்டு, எல்லாம் வெளிப்பக்கம் பாத்து. பட்டி முக்கால் கைல நிக்காது, மணிக்கட்டு வரைக்கும், மூணு இன்ச், ரெண்டு பட்டன். சாக்பீஸ் தூசி உள்ள போகாது, காத்தும் போகாது.

துணிய நேரா இஸ்திரி போடாதீங்க யாரும், வரி வரியா இருக்குறது படுத்துரும், பளபளன்னு அடையாளம் விழும். வெட்டின மிச்சத் துணிய மேல பாத்து விரிச்சு, அது மேல கோட்டுத் துணிய கவுத்துப் போட்டு ஆவி மட்டும் காட்டணும்.

மே 12

அழகர் ஆத்துல இறங்கியாச்சு. விடியக்காலம் மூணு மணில இருந்தே தெருவுல கூட்டம். அப்பா போகல. கூட்டத்துல கண்ணுக்கு ஏதாவது பட்டுட்டான்னு அக்கா விடல, அவரும் ரொம்பக் கேக்கல, அதுதான் எனக்கு என்னமோ பண்ணுச்சு.

புது மண்டபத்துல அவர் உக்காந்து தைச்ச காலத்துல சித்திரை முழுக்க அழகர் வேஷத் துணிதான், சல்லடம், கச்சை, உருமா, மஞ்சளும் சிவப்புமா ஜரிகை வச்சு. வெள்ளைக்காரங்க வந்து சட்டையக் காட்டி இதே மாதிரின்னு கேட்டாலும் சாயந்திரம் குடுத்துருவாங்க. இப்ப கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு, அப்பா அங்கிட்டு போகல. மிஷின் மட்டும் வீட்டுக்கு வந்துச்சு, அதுலதான் நான் தைக்கிறேன்.

மோர் குடிச்சுட்டு இருக்கும்போது திடீர்னு சொல்றார், வேஷத்துணி ஒரு நாள் போடுறது, கை ஏறலன்னாலும் சாமிக்குன்னு பொறுத்துக்குவான், உன் கோட்டு அப்படியில்லன்னு. நான் கோட்டைப் பத்திப் பேசவே இல்ல அப்போ.

மே 13

எரிச்சல். பிரிச்சேன், தைச்சேன், பிரிச்சேன். ஊதல் நிக்க மாட்டேங்குது, தொங்குது, ரெண்டு பக்கமும் அழுத மூஞ்சி. எவன் சொன்னான் இந்தக் கை வேணும்னு.

மே 15

தூக்கம் வரல, படிச்சுட்டு இருந்தேன். 2017ல லண்டன் வி அண்டு ஏ மியூசியத்துல பலன்சியாகா கண்காட்சி வச்சப்ப அந்த டிரஸ்ஸெல்லாம் எக்ஸ்ரே எடுத்துருக்காங்க. வெளில இருந்து பாத்தா லேசா தானா நிக்கிற மாதிரி இருக்கும், எக்ஸ்ரேல பாத்தா உள்ள கம்பி, எடை எல்லாம் மறைச்சு வச்சுருக்கு. இன்னொண்ணு, 1830கள்ல இறகு அடைச்ச தலகாணிய கைக்குள்ள கட்டிக்கிட்டாங்களாம் ஊதல் நிக்கிறதுக்கு. 1890கள்ல கை அவ்ளோ பெருசாகி அதுக்கு மேல கோட்டு நுழையாம, கோட்டை விட்டுட்டு கையே இல்லாத கேப் போத்திக்கிட்டாங்க. இவங்களோட பாத்தா நான் எவ்வளவோ தேவலாம்.

சரி, அப்போ உள்ள ஏதோ பிடிக்கணும். லைனிங்! லைனிங்க விரிக்காத பழைய பேட்டர்ன்ல வெட்டினா அது குறுகலா, குட்டையா இருக்கும். மேல்துணியும் லைனிங்கும் ஒரே பட்டில சேரும்போது லைனிங் கைய ஒட்டி இழுத்துப் பிடிக்கும், மேல்துணிக்கு இறங்க இடமில்லாம அங்கயே உருண்டு நிக்கும். பிளீட்டுக்குப் பின்னாடி நெட் துணி ஒரு பட்டை ரெண்டா மடிச்சு. விடிஞ்சதும் செஞ்சு பாக்கணும்.

மே 16

நிக்குது!!!

மே 17

சுகர் 138. ஜூன் 3 டேட் குடுத்துருக்காங்க, முதல்ல வலது கண்ணு.

மே 19

ஆர்டர் வந்துருச்சு. ஜூன் 2 ஜாயின் பண்ணணும்.

ஒரே ஒரு நாள். ஒரு நாள் முன்ன பின்ன இருந்துருக்கக் கூடாதா. ஜாயின் பண்ணிட்டு அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறினா விடியக்காலம் மதுரை வந்துரலாம், ஆனா சேந்த மறுநாளே லீவு கேட்டா எச்எம் என்ன நினைப்பாங்க. அக்கா நான் பாத்துக்கிறேங்குறா, அவ பாத்துக்குவா, அது எனக்குத் தெரியும், ஆனா கட்டுப் பிரிக்கும்போது நான் இருக்கணும். அப்பாகிட்ட இன்னும் தேதி சொல்லல. ஆர்டர் வந்துருச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். கோட்டு முடிஞ்சிருச்சான்னு கேட்டார்.

மே 21

இடது கை வச்சாச்சு. மேல, குழி சுத்தளவ விட கை சுத்தளவு முக்கால் இன்ச் தான் கூட வச்சேன், கம்பளியா இருந்தா ஆவில சுருங்கி இன்னும் ஏத்துக்கும், கார்டுராய் ஏத்துக்காது, குத்தி நிக்கும். மாட்டிக்கிட்டு அலமாரி மேல் தட்டுல இருக்குற டப்பாவ எடுத்தேன். கோட்டு அரை இன்ச் கூட ஏறல. அப்பா பட்டிய தடவிப் பாத்துட்டு பிளீட்ட எண்ணினார், விரலாலயே. ஒரு பிளீட்டு மட்டும் உள்பக்கம் திரும்பியிருக்குன்னார். பாத்தேன். ஆமா.

நாளைக்கு அத மட்டும் பிரிக்கணும். வலது கை, காஜா, காலருக்கு கேன்வாஸ். எச்எம்முக்கு போன்