கூடத்து ரூட்டரிலிருந்து பின்கட்டு வரை: மின்கம்பி வழியாக இணையம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் ஃபைபர் லைன் வாசல் பக்கமாக நுழையும்; மோடமும் ரூட்டரும் டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். வீடோ நீளம். கூடம், அறைகள், பழைய அடுப்படி, அதற்கும் பின்னால் பிறகு இழுத்துக் கட்டிய பின்கட்டு. நடுவில் மூன்று நான்கு செங்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டாவது சுவரிலேயே சோர்ந்துவிடும். 2.4 பின்கட்டு வரை எட்டினாலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். பிள்ளைகளின் படிப்பு மேசை பல வீடுகளில் அங்கேதான் கிடக்கிறது.

முதலில் ஒன்று. கேட் 5இ கேபிள் 20, 25 மீட்டர் வாங்கிச் சீலிங் மேலே இழுக்க வழியிருந்தால் அதையே செய்யுங்கள். அதைவிட மலிவும் இல்லை, உறுதியும் இல்லை. வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது என்றால்தான் பவர்லைன் அடாப்டர். மலிவான ரிப்பீட்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகையில் வேகம் பாதியாகிவிடும்.

பவர்லைன் என்பது ஒரு ஜோடி. ஒன்றை ரூட்டர் பக்கத்துச் சாக்கெட்டில் செருகி லேன் கேபிளால் இணைக்க வேண்டும், மற்றதைப் பின்கட்டில் செருக வேண்டும். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் கம்பியிலேயே, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மேல், 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளாக டேட்டா போகும். பெட்டியில் 600 மெகாபிட் என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது இரண்டு திசையும் சேர்த்த, கம்பியின் மேல் ஓடும் மொத்த வேகம். போதாததற்கு 600 வகை பலவற்றில் லேன் போர்ட் 100 மெகாபிட்தான். கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் 95ஐத் தாண்டாது. பழைய வீட்டில் 40, 50 கிடைத்தால் திருப்திப்படலாம். வகுப்புக்கும் வீடியோ காலுக்கும் அது தாராளம்.

வேகத்தைத் தீர்மானிப்பது சாக்கெட்தான். அடாப்டர் நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷனில் செருகினால் வேகம் விழும். இடி தாங்கும் சர்ஜ் வகை எக்ஸ்டென்ஷன் என்றால் அந்த அலைகளையே குப்பை என்று வடிகட்டிவிடும். பின்கட்டுக்குத் தனி எம்சிபி (மின்சாரத்தைத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) இருந்தால் பரவாயில்லை, அந்தச் சுவிட்சுகள் இருக்கும் டிபி பெட்டிக்குள் சிக்னல் தாண்டிவிடும், கொஞ்சம் தேயும். மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு சாக்கெட்டும் வேறு வேறு ஃபேஸில் மாட்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தனி மீட்டர் போட்ட பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோக இதை வாங்கவே வேண்டாம்.

வாங்கும்போது நம் ஊர் மூன்று தட்டைக் கால் பிளக்கா என்று பாருங்கள். இணையக் கடையில் வெளிநாட்டு இரண்டு உருண்டைக் கால் வகை மலிவாகக் கிடைக்கும். அதைப் பிளக் மாற்றி வைத்துச் செருகினால் எர்த் போய்விடும், பிடிப்பும் தளரும். ஏவி2 மிமோ என்ற வேகமான பவர்லைன் வகை எர்த் கம்பியையும் சேர்த்துத்தான் வேகம் எடுக்கிறது. பவர்லைன் தரங்களில் ஹோம்பிளக் ஏவி வகையும் ஜி.எச்.என் வகையும் ஒன்றோடொன்று பேசாது. பிறகு மூன்றாவது ஒன்று சேர்ப்பதாக இருந்தால் இது நினைவில் இருக்கட்டும்.

ஜோடி சேர்ப்பதை இரண்டையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டில் வைத்து முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பேர் (Pair) பட்டனை ஒரு விநாடி அழுத்தி, 2 நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்த வேண்டும். நீண்ட நேரம் அழுத்தினால் பழைய ஜோடி அழிந்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்ததுமே வேலை செய்கிறது என்று பட்டனைத் தொடாமல் விடுகிறவர்கள் உண்டு. அப்போது எல்லாரிடமும் இருக்கும் பொதுப் பெயரிலேயே ஓடும். ஒட்டிய வரிசை வீட்டில் அதே வகை இருந்தால் இரண்டு வீடும் கலந்துவிடலாம். பட்டனை அழுத்தினால்தான் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகும். லேனில் எதுவும் மாட்டாமல் விட்டால் சில நிமிடத்தில் அடாப்டர் தூங்கிவிடும், கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள்.

பின்கட்டு முனையில் வைஃபை வேண்டுமே? பரணில் கிடக்கும் பழைய ரூட்டர் போதும். முதலில் அதன் முகவரியை மாற்றுங்கள்: கூடத்து ரூட்டர் 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2. பிறகு சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, பவர்லைன் கேபிளை வேன் (WAN) போர்ட்டில் அல்ல, லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கூடத்தில் உள்ளதே இருக்கட்டும், 2.4இல் சேனல் மட்டும் வேறு: அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. டிஎச்சிபியை மறந்தால் இரண்டு ரூட்டரும் முகவரி கொடுக்கப் போட்டி போடும். கைபேசி இணைந்திருக்கும், இணையம் மட்டும் வராது.

எல்லாம் சரியாக இருந்தும் மாலையில் மட்டும் வேகம் படுத்துவிடுகிறதா? கம்பியில் யாரோ சத்தம் போடுகிறார்கள். லேப்டாப்பைப் பின்கட்டு அடாப்டரில் மாட்டி, 192.168.0.1க்குத் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு, சாக்கெட்டில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். 5 மில்லிவிநாடியில் நின்றுகொண்டிருக்கும் எண் திடீரென்று 80, 200 என்று குதித்து, பெயரில்லாத கைபேசிச் சார்ஜர் ஒன்றைக் கழற்றியதும் மறுபடி 5க்கு வந்து நிற்கும். மலிவான எல்இடி விளக்கும் வாஷிங் மெஷின் மோட்டாரும் அடுத்த சந்தேகப் புள்ளிகள். சார்ஜர்களை எல்லாம் எக்ஸ்டென்ஷனில் திரட்டி, அந்த எக்ஸ்டென்ஷனை அடாப்டரின் முகத்திலேயே உள்ள சாக்கெட்டில் செருகினால் அடங்கிவிடும்; அந்தச் சாக்கெட்டுக்குள் வடிகட்டி இருக்கிறது. முகத்தில் சாக்கெட் உள்ள வகைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது இதனால்தான்.

செருகும் முன் சாக்கெட்டின் துளையோரம் பழுப்பேறியிருக்கிறதா, பிளக் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பொறி பறக்கும், வேகமும் ஆடும். உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் இடி முழங்கினால் அடாப்டரையும் ரூட்டருக்குப் போகும் லேன் கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். மின்லைனில் இறங்கும் இடி, மோடமை மட்டும் பிடுங்கி வைத்திருந்தாலும், அந்தக் கேபிள் வழியாக ரூட்டருக்குள் போய்ச் சேரும்.